வயசானா அப்படித்தானா?

(நம் பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. நேரம் கருதி மேடையில் சுருக்கிச் சொன்ன செய்திகள் மலர் வாசகர்களுக்காக இங்கே விரித்து எழுதப்பட்டுள்ளன.)



பரிசளிப்பு விழா என்றால் பேச வருகிறவர்கள் சொல்வது வழக்கமாக ஒன்றுதான். "டாக்டராகுங்கள், வழக்கறிஞராகுங்கள், பொறியியலாளராகுங்கள்" என்பார்கள். நானும் போன ஆண்டு அப்படித்தான் பேசினேன். இந்த ஆண்டு பின்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் பெரியவர்களைப் பற்றிய படிப்பு ஒன்றைக் குறித்துப் பேச விரும்புகிறேன். மனிதன் வளர்ந்து ஆளான பிறகு அவன் உடலும் மனமும் எப்படி மாறுகின்றன, முதுமை எப்படி வருகிறது, அதை எப்படி நல்லபடி கழிப்பது என்று ஆராயும் படிப்பு அது. முதுமையியல் என்று அதற்குப் பெயர்.

சென்ற வாரம் ஒரு தாயாரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "இதுக்கெல்லாமா டீச்சர் படிப்பு? வயசானா அப்படித்தான்" என்றார். அவருக்கு அங்கேயே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த உரையே அந்தப் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் பாட்டியின் கதையைச் சொல்கிறேன். 1937ஆம் ஆண்டில், ஐந்து வயதுப் பிள்ளையாக, தன் தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு ரஜூலா கப்பலில் வந்தவர் அவர். இறங்கியது இதே துறைமுகத்தில்தான். அன்று இதற்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். 1972ஆம் ஆண்டில்தான் போர்ட் கிள்ளான் ஆயிற்று. போர் முடிந்ததும் பதின்மூன்று வயதில் பால்மரக் காட்டுக்குப் போனார். பள்ளிக்கூட வாசற்படியை அவர் மிதித்ததே இல்லை. பிறகு தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறியது. லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு நாங்கள் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனோம். நான்காவது மாடி, மின்தூக்கி கிடையாது. பாட்டிக்கு முழங்கால் வலி. ஆகவே கீழே இறங்குவதை விட்டுவிட்டார்.

2007ஆம் ஆண்டில் அவருக்கு வயது 75. நான் எஸ்.பி.எம். எழுதும் ஆண்டு. அப்போதுதான் பாட்டியின் போக்கு மாறத் தொடங்கியது. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் "அவன் இன்னும் வரலை" என்பார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். நாளடைவில் பேச்சே நின்றுவிட்டது. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாமா மந்திரித்துக் கயிறு கட்டினார். அம்மா, "வயசானா அப்படித்தான், விடு" என்றார். கடைசியில் ஒரு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துப் போனோம். எந்த இடம் என்பது இங்கே வேண்டாம்.

அங்கே ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்கள். மலாயில் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். இன்று என்ன தேதி? இது எத்தனையாவது மாடி? 100இலிருந்து 7ஐக் கழித்துக்கொண்டே போங்கள். ஒரு வாக்கியம் எழுதுங்கள். இந்தப் படத்தைப் பார்த்து வரையுங்கள். பாட்டியின் கையில் பென்சிலைக் கொடுத்தபோது அதைக் கத்தியைப் பிடிப்பதுபோல் பிடித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றும் மறக்கவில்லை. "ஞாபக சக்தி போய்விட்டது" என்ற முடிவோடு வீட்டுக்கு வந்தோம்.

மறுமுறை போனபோது, பயிற்சிக்கு வந்திருந்த ஒரு தமிழ்ப் பெண் அங்கே இருந்தார். அவர் தாளை எடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் பாட்டியின் இடது பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். காதோரம் குனிந்து நிதானமாக, "பாட்டி, நீங்க ஒரு நாளைக்கு எத்தனை மரம் வெட்டுவீங்க?" என்று கேட்டார்.

"நானூறு, ஐந்நூறு" என்றார் பாட்டி.

"மழை பெஞ்சா வெட்டுவீங்களா?"

"ஏம்மா, பட்டை ஈரமா இருந்தா எப்படி வெட்டுறது? பாலு கோட்டுல நிக்காதே, மரத்து மேலயே வழிஞ்சு போயிடுமே. உனக்கு இதுகூடத் தெரியாதா?"

நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாட்டி வாய் திறந்து அவ்வளவு பேசி மாதக்கணக்காகிவிட்டது. செவித்திறனைச் சோதித்தபோது வலது காது ஏறக்குறைய கேட்கவே இல்லை என்றும், இடது காதும் பாதிதான் என்றும் தெரிந்தது. ஞாபகம் எங்கும் போகவில்லை. நாங்கள் கேட்டது அவருக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். மாமாவும் அம்மாவும் பணம் சேர்த்துக் காதில் வைக்கும் கருவி வாங்கினார்கள். பாட்டி 83 வயது வரை இருந்தார். கடைசி ஆண்டில்கூட என் திருமணச் சமையலுக்கு எத்தனை படி அரிசி என்று கணக்குச் சொன்னவர் அவர்தான்.

முதல் நாள் கேள்வி கேட்டவரை நான் குறை கூறமாட்டேன். அவர் கையில் இருந்த தாள் அப்படி. அத்தகைய கேள்வித்தாள்களில் உலகெங்கும் பெயர் பெற்றது ஒன்று 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவானது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை மனத்தில் வைத்து அமைத்தது. தேதி பார்த்து வாழாதவர், பென்சில் பிடிக்காதவர் அதில் தோற்றுத்தான் போவார். இந்தக் குறையை ஆராய்ச்சியாளர்களும் கண்டுகொண்டார்கள். இந்தியாவில் ஹரியானா மாநிலத்துப் பல்லப்கர் வட்டாரக் கிராமங்களில், எழுத்தறியாத பெரியவர்களுக்கு ஏற்றபடி அந்தக் கேள்விகளை இந்தியில் மாற்றி அமைத்து 1995ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

1998ஆம் ஆண்டில் இன்னொரு குழு தோன்றியது. அதன் பெயரே "பத்தின் கீழ் அறுபத்தாறு". மறதி நோயாளிகளில் நூற்றுக்கு 66 பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள். ஆனால் மக்களிடையே நடக்கும் ஆராய்ச்சியில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட அந்நாடுகளில் நடப்பதில்லை என்பதைச் சுட்டிக்காட்டவே அப்படிப் பெயர் வைத்தார்கள். அந்தக் குழு ஆய்வு நடத்திய இடங்களில் சென்னையும் வேலூரும் உண்டு. நம் பாட்டிமார்களைப் போன்றவர்களிடம், அவர்கள் மொழியில், அவர்கள் வாழ்க்கையை அறிந்து கேள்வி கேட்க ஆள் வேண்டும் என்பதை உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது.

தமிழ் மருத்துவர் ஒருவர் அதற்கும் முன்பே இதை உணர்ந்திருந்தார். டாக்டர் வி. எஸ். நடராஜன் அவர்கள் 1978ஆம் ஆண்டில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவிலேயே அதுதான் முதல். குழந்தைகளுக்குத் தனி மருத்துவர் இருக்கும்போது பெரியவர்களுக்கு ஏன் இருக்கக்கூடாது என்பதே அதன் அடிப்படை. 1996ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவம் பட்டமேற்படிப்பாகவே வந்துவிட்டது. அவருக்கு இந்திய அரசு 2012ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எல்லா மறதியும் காது மந்தத்தால் வருவதில்லை. உண்மையான மறதி நோய் உண்டு. அதற்கு இன்னும் முழுக் குணம் இல்லை. ஆனால் அது மூளையில் வரும் நோய். பேயும் இல்லை, பாவமும் இல்லை. ஆகவே வீட்டில் பெரியவர்களின் போக்கு மாறினால் "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். காது, கண், மனச்சோர்வு, மருந்தின் பக்க விளைவு, சத்துக்குறைவு என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல இருக்கின்றன.

அன்புள்ள பெற்றோர்களே, இந்தப் படிப்பு உங்களைப் பற்றியதுமாகும். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று நாம் சொல்கிறோம். ஐம்பதிலும் வளையும் என்கிறது இந்தக் கல்வி. எரிக் எரிக்சன் என்னும் அறிஞர் 1950ஆம் ஆண்டில் மனித வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பிரித்துக் காட்டினார். அவற்றுள் மூன்று, ஆளான பிறகு வருபவை. நடுவயதின் வேலை அடுத்த தலைமுறையைப் பேணி வளர்ப்பது; அதைச் செய்யாதவன் மனம் தேங்கிப் போகிறது என்றார் அவர். மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்க ஓவர்டைம் செய்யும் தகப்பனார் தம் பிள்ளையை மட்டுமா வளர்க்கிறார்? தாமும் வளர்கிறார்.

வார்னர் ஷாய் என்பவர் 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். அதே ஆட்களை ஏழாண்டுக்கு ஒருமுறை அழைத்து அவர்கள் அறிவாற்றலைச் சோதித்தார்கள். வயது ஏற ஏற வேகம் குறைந்தது. ஆனால் சொல்லறிவு நெடுநாள் குறையாமல் நின்றது. பாட்டிக்குக் கைப்பேசியில் எண் தட்ட நேரமாகலாம். ஆனால் ஒரு வழக்கைக் கேட்டு நியாயம் சொல்ல அவரால் முடியும். முந்திக்கொண்டு பேசாமல் நாம் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே, இனி உங்களுக்கு ஒரு செய்தி. லான்செட் என்னும் மருத்துவ இதழ் அமைத்த அறிஞர் குழு 2024ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. மறதி நோய்க்கு வழி வகுப்பவற்றுள் நம்மால் மாற்றக்கூடியவை 14 என்று அது கணக்கிட்டது. அவற்றை எல்லாம் சரிசெய்தால் நூற்றுக்கு 45 அளவுக்கு அந்த நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இடமுண்டு என்கிறது. நீரிழிவு, இரத்த அழுத்தம், புகைபிடித்தல், மிதமிஞ்சிய குடி, உடலுழைப்பின்மை, தலையில் அடி, காது கேளாமை, கண் மங்கல், தனிமை ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. இவை நமக்குப் பழக்கப்பட்ட பெயர்கள். நம் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றாவது இருக்கும்.

ஆனால் இளமையிலேயே தொடங்குவது என்று அந்தப் பட்டியல் எதைச் சொல்கிறது தெரியுமா? சிறுவயதில் படிப்பு குறைவாக இருப்பது. படித்த மூளை முதுமையின் தேய்மானத்தைக் கூடுதல் காலம் தாங்குகிறது என்கிறார்கள். ஆகவே இன்று நீங்கள் படிக்கும் பெருக்கல் வாய்ப்பாடு யூ.பி.எஸ்.ஆர். போன்ற ஒரு சோதனைக்காக மட்டும் இல்லை. அந்தச் சோதனை 2021ஆம் ஆண்டிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. உங்களுடைய எண்பதாம் வயதுக்கும் சேர்த்துத்தான் இன்று படிக்கிறீர்கள். என் பாட்டிக்குக் கிடைக்காத காப்பு அது. பிள்ளையை ஒரு நாள் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தும்போது பெற்றோர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

சரி, இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்? நியாயமான கேள்வி. 1957ஆம் ஆண்டில் நாடு விடுதலை அடைந்தபோது நம் மக்களின் சராசரி ஆயுள் ஆண்களுக்கு ஏறக்குறைய 56, பெண்களுக்கு 58. இன்று ஆண்களுக்கு 73, பெண்களுக்கு 78 என்ற அளவை எட்டியிருக்கிறது. மலேசியர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களுக்கு உதவத் தெரிந்தவர்கள் பல படிகளில் தேவைப்படுகிறார்கள்.

முதற்படி, எஸ்.கே.எம். என்னும் மலேசியத் திறன் சான்றிதழ். எஸ்.பி.எம். தேர்வில் சோர்ந்து போனவர்களும் இதில் சேரலாம். முதியோர் பராமரிப்பை முறையாகக் கற்றுத் தருகிறார்கள்: படுத்த படுக்கையாக இருப்பவரை முதுகு நோகாமல் எப்படித் தூக்குவது, புண் வராமல் எப்படித் திருப்பிப் போடுவது, விழுங்கச் சிரமப்படுபவருக்கு எப்படி உணவூட்டுவது போன்றவற்றை எல்லாம்.

அடுத்த படி, டிப்ளோமா. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களில் தாதியர் பயிற்சி, உடற்பயிற்சி மருத்துவமான பிசியோதெரப்பி, அன்றாட வேலைகளை மறுபடியும் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சை ஆகியவை உள்ளன. பக்கவாதத்தில் விழுந்தவரை எழுப்பி, தன் கையால் சோறு பிசைந்து சாப்பிட வைப்பவர்கள் இவர்கள்தான்.

அதற்கு மேல், பட்டப்படிப்பு. கோலாலம்பூரில் உள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் சுகாதார அறிவியல் புலத்தில் செவித்திறன் இயல், பேச்சுப் பயிற்சி மருத்துவம், உணவுமுறை இயல் ஆகியவற்றைப் படிக்கலாம். பாட்டியின் இடது பக்கம் உட்கார்ந்த அந்தப் பெண் செவித்திறன் இயல் மாணவிதான். மனிதர்களோடு பேசப் பிடித்தவர்கள் சமூகப்பணி படிக்கலாம். பினாங்கில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகம் 1975ஆம் ஆண்டிலேயே அதைத் தொடங்கிவிட்டது. உளவியலும் ஆலோசகர் படிப்பும் உண்டு. மேற்படிப்புக்கு, செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகம் 2002ஆம் ஆண்டில் நிறுவிய முதுமையியல் கழகம் இருக்கிறது. மருத்துவம் முடித்தவர்கள் முதியோர் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெறலாம். முதியவர் வழுக்கி விழாத குளியலறையைக் கட்டத் தெரிந்த கட்டட வல்லுநருக்கும், அவர்கள் சொத்தைக் காக்கத் தெரிந்த வழக்கறிஞருக்கும்கூட இதில் இடமுண்டு.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். விளம்பரத்தைப் பார்த்த உடனே பணத்தைக் கட்டிவிடாதீர்கள். டிப்ளோமாவோ பட்டமோ என்றால் எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். பராமரிப்பு இல்லத்தில் வேலைக்குப் போனால் அது 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் பதிவானதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் பள்ளிக்கு வாருங்கள். சேர்ந்து விசாரிப்போம்.

"மலம் அள்ளுற வேலைக்கா எம்பிள்ளைய அனுப்பச் சொல்றீங்க?" என்று சிலர் மனத்தில் கேட்பது எனக்குக் கேட்கிறது. பராமரிப்பு வேலை கடுமையானது. கீழ்ப்படியில் சம்பளமும் குறைவு. அதை மறைக்க மாட்டேன். அதனால்தான் ஒரு படியோடு நிற்காமல் மேலே படிக்கச் சொல்கிறேன். ஆனால் நம்மில் ஒவ்வொருவரையும் யாரோ ஒருவர் அள்ளிக் கழுவித்தான் வளர்த்தார். அந்நாளில் தோட்டம்தோறும் பிள்ளைகளுக்கு ஆயாக்கொட்டகை இருந்தது. ஆயாவை நாம் மறக்கவில்லை. முதுமைக்கும் அப்படி ஒருவர் தேவை. ஆண் பிள்ளைகளும் வரவேண்டும். எழுபது கிலோ தாத்தாவைத் தூக்கப் பலமும் வேண்டுமே!

நம் பிள்ளைகளிடம் பிறரிடம் இல்லாத ஒரு முதல் இருக்கிறது. அது தமிழ். மங்கு என்றால் என்ன, பிரட்டுக் களம் என்றால் என்ன, ஆடி மாதத்தில் பாட்டி ஏன் மாரியம்மன் கோயிலுக்குப் போக அடம் பிடிக்கிறார் என்பதெல்லாம் நம் பிள்ளைக்குச் சொல்லாமலே தெரியும். நோயுற்ற முதியவர் பலர் பின்னாளில் கற்ற மொழியை மறந்து தாய்மொழிக்கே திரும்புகிறார்கள். அந்த நேரத்தில் அவர் பேசுவது புரிந்த ஒருவர் அருகில் இருந்தால், அதைவிடப் பெரிய மருந்து என்ன இருக்கிறது?

தோட்டத்துத் தோழர்களே, உங்கள் முதுமைக்கும் இன்றே ஆயத்தமாகுங்கள். 2013ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொட்டுத் தனியார் துறையிலும் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. சேமநிதிப் பணத்தை 55 வயதில் எடுத்து ஒரே மூச்சில் செலவழித்துவிட்டால், பின்னால் இருபது ஆண்டு வெறுங்கையோடு ஓட்ட வேண்டியிருக்கும். சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டையும் அரசாங்கக் கிளினிக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்றவர்கள் வீட்டுக்குள் முடங்காமல், சமூகநல இலாகாவின் "பாவே" எனப்படும் முதியோர் நடவடிக்கை மையங்களை விசாரித்துப் போய்ப் பாருங்கள்.

முடிக்குமுன், மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இந்தப் பள்ளி விடுமுறையில் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும் ஒரு பெரியவரிடம் போங்கள். எந்தக் காது நன்றாகக் கேட்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டு அந்தப் பக்கம் உட்காருங்கள். கைப்பேசியைக் கீழே வையுங்கள். அவர் செய்த வேலையைப் பற்றிக் கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். கேட்டதை ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள். நல்லவற்றை அடுத்த ஆண்டு மலரில் சேர்க்கத் தலைமையாசிரியர் இசைந்திருக்கிறார்.

உங்களில் ஒருவராவது அப்படி உட்காரும்போது, "இதையே நான் படித்தால் என்ன?" என்று நினைத்தால், இந்த மேடையில் நான் நின்றதற்குப் பயன் கிடைத்துவிடும்.  பின்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்கு, கொஞ்சம் உரக்க, என் வணக்கம்.